மூன்று நாளில் அனுப்பிவிடுவார்கள்

1

மஸ்கட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. இதற்காக யாரும் எனக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. கம்பெனி நோட்டீஸ் பலகையில் போன புதன்கிழமை ஒரு தாள் ஒட்டாமல் இருந்திருந்தால் எனக்கே அது நினைவுக்கு வந்திருக்காது.

தாளில் இருந்த சங்கதி இதுதான். கம்பெனி கை மாறிவிட்டது. வாங்கியவர்கள் பழைய ஆட்களை அப்படியே வைத்துக்கொள்ளப் போவதில்லை. எல்லாரையும் புதிதாக இன்டர்வியூ செய்து, வேண்டியவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை ஊருக்கு அனுப்புவார்களாம். கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் இந்த ஆலையில் ஃபிட்டராக நுழைந்து இப்போது ஃபோர்மேனாக இருக்கிறேன். என் கை படாத பம்பு இங்கே ஒன்றும் கிடையாது. அப்படியும் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து, நான் யார் என்று சொல்ல வேண்டும். நான்தான் ஏகாம்பரம் என்று பம்புகளைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

தாளின் கடைசியில் ஒரு வரி. ‘முடிவில் நீங்களும் எங்களைக் கேள்வி கேட்கலாம்.’ ஆபீஸ் கிளார்க் மத்தாயி அதை எங்களுக்கு இந்தியில் படித்துச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே மத்தாயி ஒரு காரியம் செய்தான். பழைய ஃபைல்களையெல்லாம் கழிக்கச் சொல்லிவிட்டார்கள் என்று, அவரவர் காகிதங்களை எடுத்து அவரவர் கையில் கொடுத்தான். எனக்கு வந்த காகிதக் கட்டில் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருந்தது, மெடிக்கல் தாள் இருந்தது, மெட்ராஸில் எடுத்த போட்டோ இருந்தது. அடியில், எட்டாக மடித்த ஒரு காலண்டர் தாள். ஓரத்தில் ஓட்டை போட்டு, நம்பர் குத்தி, கம்பெனி முத்திரை வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்க்காமலே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

2

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தினமும் காலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். பாய்லர், ஷாஃப்ட், பெல்ட் எல்லாம் கைக்குப் பழகிவிட்டன. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மில்லுக்கு உமி ஏற்ற வந்த லாரிக்காரர் சொல்லித்தான் தெரியும்.

என் மனைவி மல்லிகா எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருவில் பெண்களில் அவள்தான் அதிகம் படித்தவள். நான் போகிறேன் என்றதும் அழவில்லை, தடுக்கவும் இல்லை. சுவரில் இருந்த பழைய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள்.

“திருப்புலிவனத்துல ஒரு ஆளு டிரைவர் வேலைன்னு போயி ரெண்டு வருசம் ஆடு மேய்ச்சிட்டு வந்து நிக்கிறான் தெரியுமா? ஏன்யா முன்னாடியே கேக்கலன்னா, கேக்கத் தோணலன்றான். நீ அந்த மாதிரி போவக்கூடாது மாமா. கேட்டுக்கினு போ.”

ஆறு கேள்விகள் எழுதினாள். ஃபிட்டர் வேலை என்றால் ஃபிட்டர் வேலைதானா, அங்கே போனதும் மாற்றுவீர்களா? ஒரு அறையில் எத்தனை பேர், குடிக்க நல்ல தண்ணீர் உண்டா? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? வேலையில் அடிபட்டால் யார் பார்ப்பது? எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை லீவு? ஆறாவதை எழுதுவதற்கு முன் தொட்டிலைப் பார்த்தாள். எங்கள் பிரேமாவுக்கு அப்போது இரண்டு வயது கூட நிரம்பவில்லை. ‘வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று தந்தி வந்தால் எத்தனை நாளில் அனுப்புவீர்கள்?’

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பத்து வருஷமாக எத்தனையோ பேரை இந்த ஊரில் பார்த்துவிட்டேன், ஐந்து பட்டம் வாங்கியவர்களையும் பார்த்துவிட்டேன். வேலை கொடுப்பவனிடம் கேட்க இதைவிட நல்ல கேள்விகளை ஒருத்தரும் சொன்னதில்லை.

இன்டர்வியூ மெட்ராஸ் மண்ணடியில் ஒரு லாட்ஜில் நடந்தது. கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு மேஜை போட்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் தமிழில் சொல்ல ஏஜென்ட்டின் ஆள். ஒரு வால்வைப் பிரித்து மாட்டச் சொன்னார்கள், மாட்டினேன். வெள்ளைக்காரர் தலையாட்டினார். பிறகு ஏதோ சொன்னார்.

“நீ இன்னா கேக்கணுமோ கேளுன்றாரு” என்றான் ஏஜென்ட்டின் ஆள்.

இங்கேதான் ஊரில் இருப்பவர்களுக்கு நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் நைனா பண்ணையில் வருஷத்துக்கென்று அமர்ந்த ஆள். சித்திரை பிறந்ததும் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு களத்தில் நிற்பார். “இந்த வருசமும் இர்றா” என்று குரல் வரும். தலையாட்டுவார். அதுதான் எங்கள் இன்டர்வியூ. எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை என்று சர்க்கார் ஆபீசுக்கு வருஷா வருஷம் போவார், அங்கேயும் வாய் திறக்க மாட்டார். மரத்தடியில் ஒருவரிடம் மனு எழுதி வாங்கி, இரண்டு கையாலும் நீட்டுவார். அதிகாரி அதன் நெற்றியைப் பார்த்துவிட்டு “பார்க்கலாம்” என்பார். நைனா கும்பிட்டுவிட்டு வருவார். பெரிய மனிதரிடம் ஒன்றைக் கேட்பது என்றால் எனக்குத் தெரிந்த முறை அதுதான்.

நானும் அப்படியே செய்தேன். நாற்காலியை விட்டு எழுந்தேன். சட்டைப் பையிலிருந்து மல்லிகாவின் தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

வெள்ளைக்காரர் பிரித்துப் பார்த்தார். தமிழ். பக்கத்து ஆளைப் பார்த்தார். அந்த ஆள் ஒரு வரி கூடப் படிக்காமல், நன்னடத்தைச் சான்று என்றோ என்னவோ இங்கிலீஷில் சொன்னான். வெள்ளைக்காரர் திருப்தியாகத் தலையாட்டி, அதை என் ஃபைலில் குத்திக்கொண்டார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பதில் தபாலில் வரும் என்று மனதார நம்பினேன்.

3

தபாலில் டிக்கெட் வந்தது. பதில் வரவில்லை.

“பதிலு வராம நீ ஏறக்கூடாது” என்றாள் மல்லிகா. சும்மா சொல்லவில்லை. என் பெட்டியை மூட்டை போடும் பரணில் ஏற்றி, ஏணியை எடுத்து அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் வாலாஜாபாத்துக்குப் போனேன். மில் கணக்கு ரூமில் போன் இருந்தது. ஏஜென்ட் ஆபீசுக்குப் பேசிக் கேட்கலாம் என்றுதான் போனேன். போனுக்கு எதிரில் அரை மணி நேரம் நின்றேன். கை போகவில்லை. இத்தனை பேர் கியூவில் நிற்கும்போது இவன் மட்டும் கேள்வி கேட்கிறானே என்று பெயரை அடித்துவிட்டால்? சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸிலேயே ஆறு பதிலையும் நானே தயார் செய்தேன்.

“போன்ல பேசிட்டேன். எல்லாத்துக்கும் பதிலு சொல்லிட்டாங்க.”

“இன்னா சொன்னாங்க? ஒண்ணொண்ணா சொல்லு.”

சொன்னேன். ஃபிட்டர் வேலைதான். அறைக்கு இரண்டே பேர். பாஸ்போர்ட் நம் கையில்தான் இருக்கும். அடிபட்டால் கம்பெனி டாக்டர். வருஷத்துக்கு ஒரு முறை லீவு. ஆறாவதுக்கு வந்தபோது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தந்தி வந்தா மூணு நாள்ல அனுப்பிடுவாங்களாம்.”

ஏன் மூன்று என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு நாள் என்றால் நம்பமாட்டாள், ஒரு வாரம் என்றால் விடமாட்டாள். மூன்று நாள் நியாயமாக இருந்தது. அவள் போய் ஏணியை வாங்கி வந்தாள்.

பதில்களில் ஒன்றே ஒன்று உண்மை ஆயிற்று. ஃபிட்டர் வேலைதான் கொடுத்தார்கள். மற்றபடி அறைக்கு எட்டுப் பேர். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். லீவு இரண்டு வருஷம் முடிந்தபிறகுதான். இதையெல்லாம் நான் கடிதத்தில் எழுதவில்லை. மெதுவாக எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

4

வந்து பதின்மூன்று மாதம் ஆனபோது தந்தி வந்தது. குழந்தைக்குச் சீரியஸ், உடனே புறப்படு.

பிரேமாவுக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தைக்குத்தான் வடியவில்லை. ஆனால் இவளுக்குக் காதுக்குப் பின்னால் எலும்பு வீங்கி, ஜுரம் ஏறி, கழுத்தைத் திருப்ப முடியாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தவுடன் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டும், அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று அந்தத் தாளிலேயே இருந்ததாம்.

என் அண்ணன் கன்னியப்பன் கூடப் போயிருந்தார். போட மறுத்துவிட்டார். “பொண்ணு அவனுது. நாளைக்கி ஒண்ணு ஆயிப்போச்சின்னா என் தலைமேலதான் வுழும். அவன் வரட்டும்.”

மல்லிகாவும் அதைத்தான் சொன்னாள். மூன்று நாளில் வந்துவிடுவார் என்று டாக்டரிடம் சொன்னாள். கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள்.

இங்கே நான் தந்தியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். லீவு ஃபாரத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இருந்தால் ஒருவர் இல்லை. பாஸ்போர்ட் பெட்டியின் சாவி வேறு ஒருவரிடம். இரண்டு வருஷம் முடியவில்லையே என்று ஒருவர் கேட்டார். “நாளைக்குப் பார்க்கலாம்” என்றார் இன்னொருவர். மறுநாளும் அதையே சொன்னார். முதல் நாள் சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது, அனுப்பமாட்டார்கள்.

என்னால் வர முடியாது, நீயே போடு என்று ஒரு தந்தி அடித்திருக்கலாம். தபால் ஆபீஸ் கேம்புக்கு எதிரில்தான் இருந்தது. அடிக்கவில்லை. அடித்தால் மூன்று நாள் என்று நான் சொன்னது பொய்யாகிவிடும். அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போயிற்று. இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். ஒவ்வொரு மெட்ராஸ் பஸ்ஸும் வந்து நிற்கும்போது மல்லிகா ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பாளாம். ஆறாம் நாள் அண்ணன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தானே கையெழுத்துப் போட்டாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. வலது காது போயிற்று. வலது பக்க முகத்தில் ஓடும் நரம்பும் போயிற்று. சிரித்தால் வாய் இடது பக்கமாகக் கோணும்.

5

மல்லிகாவும் பிரேமாவும் இங்கே வந்து மூன்று வருஷமாகிறது. ஃபோர்மேன் ஆனபிறகு குடும்ப விசா கிடைத்தது. அதற்கு எத்தனை முத்திரை, எத்தனை அட்டெஸ்டேஷன், அதைச் சொன்னால் இந்தக் குறிப்பு முடியாது.

பிரேமா இந்தியப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படிக்கிறாள். வகுப்பில் வலது சுவர் ஓரமாக உட்காருவாள், அப்போதுதான் நல்ல காது டீச்சர் பக்கமும் பிள்ளைகள் பக்கமும் இருக்கும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். என்னை முன்பெல்லாம் நைனா என்றவள் இப்போது டாடி என்கிறாள். அவள் அம்மா “வூட்டுக்கு வா” என்றால், “வூடு இல்லம்மா, வீடு. என் ஃப்ரெண்ட்ஸ் எதிர்ல அப்டிப் பேசாதீங்க” என்று திருத்துகிறாள். வீட்டுக்குள் மூன்று பேர் இருக்கிறோம். அவள் சொல்வதில் பாதி இங்கிலீஷ், கால்வாசி மலையாளம். மல்லிகா அவளுடைய இடது பக்கமாகப் போய் நின்று, சொன்னதையே இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருப்பாள்.

மல்லிகா இத்தனை வருஷமும் கம்பெனியைத் திட்டாத நாள் இல்லை. “போன்ல அத்தினி சொல்லிட்டு நாக்க மாத்திப் பேசனானுங்களே, கட்டையில போறவனுங்க.” திட்டும்போது நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். கம்பெனி மேல் எனக்கும் ஆயிரம் குறை உண்டு. இது மட்டும் அவர்கள் செய்யாத குற்றம்.

6

வெள்ளிக்கிழமை மதியம், விடுமுறை. சாப்பிட்டு முடித்ததும் மல்லிகா பிரேமாவைக் கூப்பிட்டாள்.

“ஒரு நோட்டும் பேனாவும் எத்தா. நைனாவுக்கு நாளைக்கி இன்டர்வூவு. நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷ்ல எழுது. இந்த வாட்டி எழுத்துலயே பதிலு வாங்கிக்கினு வரணும். போன வாட்டி போன்லதானே கேட்டுது, அதான் ஏமாத்திப்புட்டானுங்க.”

பிரேமா அலுத்துக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தாள். ஆனால் எழுதத் தொடங்கியதும் ஒரு மாதிரி உற்சாகம் வந்துவிட்டது. “இது நல்ல கொஸ்டின்மா” என்று கூடச் சொன்னாள். மூன்று எழுதியாயிற்று. நான்காவது மல்லிகாவுக்கு நினைவுக்கு வரவில்லை.

“அன்னிக்கி ஆறு எழுதனேன். அந்தக் காயிதம் இருந்தா தேவல.”

என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. ஏன் போயிற்று என்று சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை. பத்து வருஷம் சுமந்தது போதும் என்றிருக்கலாம். தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் முகம் மலர்ந்தது. பிறகு முத்திரையைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள்.

“இது எப்பிடி அவுங்க கைக்குப் போச்சி?”

“இன்டர்வியூல நான்தான் குடுத்தேன். மனு மாதிரி. படிக்காமலே வெச்சிக்கினாங்க.”

“அப்ப போன்ல பேசனது?”

“பேசல.”

“மூணு நாளுன்னு?”

“நானா சொன்னது.”

மல்லிகா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தாளைத் தரையில் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள். பிரேமா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை.

“எல்லாருந்தான் பொய் சொல்றாங்க, அது போவுது” என்றாள் மல்லிகா, கடைசியில். “அனுப்ப மாட்டாங்கன்னு நீ சொல்லியிருந்தா, நான் மொத நாளே கையெழுத்து போட்டிருப்பேன் மாமா. நீ வருவேன்னுதான் அஞ்சி நாளு பேனாவத் தொடல.”

எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். பிரேமா நோட்டை மூடவில்லை. என் வலப் பக்கமாக வந்து, இடது காதை என்னிடம் காட்டி உட்கார்ந்து, “வாட் டாடி? அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். நான் அவளுக்கும் சொன்னேன், முழுதும். அவள் தன் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

7

சனிக்கிழமை இன்டர்வியூவில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். பம்பைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். எத்தனை பேரை மேய்க்கிறாய் என்று கேட்டார்கள், சொன்னேன். கடைசியில் நடுவில் இருந்தவர், ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

பிரேமா எழுதிய தாள் பையில் இருந்தது. எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் வாயைத் திறந்து கேட்டேன்.

“வீட்டிலிருந்து தந்தி வந்தால் எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்று நான் கேட்கவில்லை. அனுப்ப மாட்டீர்கள் என்றால், அதை எத்தனை நாளில் சொல்வீர்கள்?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார். நடுவில் இருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பார்க்கலாம்” என்றார்.

ஊரிலிருந்து இப்போது எவ்வளவோ பிள்ளைகள் புறப்பட்டு வருகிறார்கள். இன்டர்வியூவில் என்ன கேட்கலாம் என்று எனக்கும் கடிதம் போடுகிறார்கள். அறை, தண்ணீர், பாஸ்போர்ட், லீவு எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதால் வேலை போனால் போகட்டும். கேட்காமல் விட்டால், கேட்கவில்லை என்றே வீட்டில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபோது மல்லிகா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“பார்க்கலாம்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க.”

இன்னும் ஏதாவது சேர்த்துச் சொல்வேனோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் சேர்க்கவில்லை.

“சரி” என்றாள். “அப்ப இல்லன்னே வெச்சிக்கினு நான் பாத்துக்கிறேன்.”